சின்ன ஆபீசுக்கு ஒரு காப்பி கிரைண்டர்: குமரி மாவட்டத்தில் முதன்முறை வாங்குகிறவர்களுக்கு

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஐந்து பேர், எட்டுப் பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீசுகள் நிறைய உண்டு. வக்கீல் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ், வீட்டு மாடியில் நடக்கும் மென்பொருள் கம்பெனி, ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஏஜென்சி. பதினொரு மணிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து பிளாஸ்க்கில் சாயாவோ காப்பியோ வந்துவிடும். அதை நிறுத்திவிட்டு ஆபீசிலேயே நல்ல பில்டர் காப்பி போடலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் பில்டரை எளிதில் வாங்கிவிடுகிறார்கள். தயங்கி நிற்பது கிரைண்டரில்தான். ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, லட்சத்துக்கும் இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரிப் புகழ்ச்சி. குறைந்த செலவில், ஆபீசுக்கு உழைக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கிரைண்டர் தேவையா என்று முதலில் பாருங்கள்

பணத்தை எடுப்பதற்கு முன், உங்கள் ஆபீசிலிருந்து காப்பித்தூள் கடை எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். ஆபீஸ் நாகர்கோவில் டவுனுக்குள், கொட்டையை வறுத்துக் கண் முன்னால் அரைத்துத் தரும் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால், வாரம் ஒருமுறை கால் கிலோ, அரைக் கிலோ என்று புதிதாக அரைத்து வாங்குவதே போதும். கடைக்காரரின் பெரிய மெஷின் அரைக்கிற சீருக்கு, பத்தாயிரம் ரூபாய் வீட்டு மெஷின் எட்டாது. அந்தப் பணத்தை நல்ல கொட்டைக்குச் செலவழியுங்கள்.

குலசேகரம், அருமனை, கருங்கல் பக்கம் இருப்பவர்களின் நிலை வேறு. டவுனுக்குப் போவது மாதம் ஒருமுறை என்றால் ஒரு மாதத்துத் தூளை மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும். அரைத்த தூளின் வாசனை சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும். முழுக் கொட்டையாக இருந்தால் காற்றுப் புகாத டப்பாவில் சில வாரங்கள் தாங்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறையாத ஊரில், திறந்து திறந்து மூடும் டப்பாவில் தூள் கட்டிதட்டிப் போகும். கிரைண்டர் தன் விலைக்கு ஈடு செய்வது இங்கேதான்.

எவ்வளவு தூள் வேண்டும்?

இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் மெஷின் வாங்க வேண்டாம். எந்த வகை வாங்குவது என்பதைப் பாதிக்கு மேல் இதுவே முடிவு செய்துவிடும்.

பாலும் சர்க்கரையும் சேர்த்த ஒரு சின்ன டம்ளர் பில்டர் காப்பிக்குச் சுமார் 8 கிராம் தூள் பிடிக்கும். ஆபீசில் ஏழு பேர், அதில் ஐந்து பேர் காப்பி குடிப்பவர்கள், ஆளுக்கு இரண்டு வேளை என்று வையுங்கள். பத்து டம்ளர், 80 கிராம். மாதம் 25 வேலை நாள் என்றால் 2 கிலோ. வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்கிற வழக்கம் இருந்தால் தினமும் நாலைந்து டம்ளர் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் 30 கிராமுக்குள் முடிகிறது என்றால் கையால் சுற்றுகிற கிரைண்டர் போதும். அறுபது, எழுபதைத் தாண்டினால் மின்சார மெஷின்தான். நடுவில் இருப்பவர்கள், தினமும் யார் அரைப்பது என்பதைப் பேசி முடித்துவிட்டு வாங்குங்கள். பொறுப்புக்கு ஒருவர் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கை கிரைண்டரும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

மிக்சி, கை கிரைண்டர், மின்சார கிரைண்டர்

எல்லார் வீட்டிலும் இருக்கும் மிக்சியின் சின்ன ஜாரிலிருந்து தொடங்குவோம். பிளேடு கொட்டையை வெட்டித் தெறிக்க வைக்கும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் கொஞ்சம் மாவாகவும் கொஞ்சம் கொரகொரப்பாகவும்தான் கிடைக்கும். மாவாகிப்போன பகுதி பில்டரின் துளைகளை அடைத்துக் கசப்பைக் கூட்டும். கொரகொரப்பான பகுதி சாறு இறங்காமலே சக்கையோடு போகும். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி வாசனையும் போய்விடும். காப்பிக்கென்றே விற்கிற, மேலே அமுக்கினால் ஓடும் சின்ன பிளேடு மெஷின்களும் இதே வகைதான். பெட்டியில் காப்பி கிரைண்டர் என்று போட்டிருந்தாலும் உள்ளே பிளேடு என்றால் அதற்காகத் தனியாகப் பணம் போட வேண்டாம், மிக்சியே அந்த வேலையைச் செய்யும்.

மிக்சியை வைத்தே கொஞ்ச நாள் ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வழி: ஜாரில் கால் பங்குக்கு மேல் போடாதீர்கள். மூன்று நான்கு விநாடி ஓட்டி, நிறுத்தி, ஜாரைக் குலுக்கி மறுபடி ஓட்டுங்கள். பிறகு சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை மட்டும் திரும்ப அரையுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்கிற பில்டர் காப்பி, அரைப்பில் இருக்கும் ஏற்றத்தாழ்வை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கட்டன் காப்பியாகக் குடிப்பவர்களுக்குக் குறை உடனே நாக்கில் தெரியும்.

மற்ற இரண்டு வகையிலும் உள்ளே இருப்பது பர். பல் வெட்டிய இரண்டு துண்டுகள், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவுக்குப் பொடியாகும் வரை கொட்டை அரைபடும், பிறகு கீழே விழுந்துவிடும். அதனால்தான் தூள் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. இடைவெளியைக் கூட்டிக் குறைத்து நைஸாகவோ கொரகொரப்பாகவோ வைத்துக்கொள்ளலாம். கிரைண்டரில் நீங்கள் கொடுக்கும் காசு முழுக்க இந்த இரண்டு துண்டுகளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பீங்கான் பர் வைத்த கை கிரைண்டர்கள் சுமார் ஆயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. மெதுவாக அரைக்கும். நைஸாக வைத்தால் 20 கிராமுக்கே கை வலித்துவிடும். உருக்கு பர் வைத்தவை நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை போகும். டைம்மோர் சி2 இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். ஒரு தடவைக்கு 20, 25 கிராம் கொள்ளும், பீங்கானைவிட வேகமாக அரைக்கும். நாலு பேருக்குக் குறைவான ஆபீசுக்கு என் தேர்வு இதுதான். சத்தம் இல்லை, கரண்ட் வேண்டாம், மழைக்காலத்து மின்வெட்டிலும் காப்பி நிற்காது.

மின்சார கிரைண்டரில்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் கூம்பு வடிவ பர் வைத்த வீட்டு மெஷின்கள் வந்துவிட்டன. பத்து டம்ளர் ஆபீசுக்கு இவை போதும். இதே விலையிலும் இதற்குக் கீழும், தட்டையான இரண்டு சக்கரங்களை வைத்து அதையும் பர் என்றே சொல்லி விற்கிற மெஷின்கள் உண்டு. அவற்றில் பல் கூர்மையாக வெட்டப்பட்டிருக்காது, மேடு பள்ளமாக மட்டும் இருக்கும். கொட்டையை நசுக்கும், மாவை நிறைய உண்டாக்கும், சத்தமும் பெரிது. பர்ரின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கத்தி முனை போன்ற பல் தெரிந்தால் மட்டும் மேலே போங்கள். இன்னும் மேலே, இருபதாயிரத்தைத் தாண்டினால் பாராட்சா என்கோர் போன்றவை. 40 மில்லிமீட்டர் கூம்பு பர், அரைப்பைக் கூட்டிக் குறைக்க 40 படி, தேய்ந்த பாகத்தைத் தனியாக வாங்கி மாற்றும் வசதி. பதினைந்து பேர் இருக்கிற, காப்பியை உண்மையிலேயே ரசிக்கிற ஆபீஸ் என்றால் அது வீண் செலவு ஆகாது. எஸ்பிரெஸோவுக்கென்று வருகிற மெஷின்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். அவ்வளவு நைஸாக அரைத்த தூளில் நம் பில்டர் அடைத்துக்கொள்ளும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அரைப்பைக் கூட்டிக் குறைக்கப் பத்துப் பன்னிரண்டு படிகளாவது இருக்கட்டும். அதைவிட முக்கியம், நைஸ் பக்கத்தில் இரண்டு மூன்று படிகள் நம் பில்டருக்குப் பயன்படுகிறதா என்பது. முப்பது படி இருந்து அத்தனையும் கொரகொரப்புப் பக்கம் என்றால் பயனில்லை. மேல் பர்ரைக் கையாலேயே கழற்ற முடிய வேண்டும். ஸ்குரூடிரைவர் இல்லாமல் திறக்க முடியாத மெஷினை ஆபீசில் யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். டைமர், டிஜிட்டல் திரை, விளக்கு எதுவும் தூளை நன்றாக்காது. அவற்றுக்காக ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

கடற்கரையோரம், அதாவது குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் ஆபீஸ் என்றால் துருவை நினைத்துப் பாருங்கள். உப்புக் காற்று சாதாரண இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். துருப்பிடிக்காத உருக்கு பர், அல்லது பீங்கான் பர் எடுங்கள். பீங்கானுக்குத் துருப் பயம் இல்லை, ஆனால் கொட்டையோடு ஒரு சின்னக் கல் விழுந்தால் உடைந்துவிடும். எந்த பர்ராக இருந்தாலும் கொட்டையை ஒரு தட்டில் பரப்பிக் கல் பார்த்துவிட்டுப் போடுவது நல்ல பழக்கம்.

வாரண்டி அட்டையைக் காசு கொடுப்பதற்கு முன் படியுங்கள். பல வீட்டு மெஷின்களில் வாரண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். ஆபீசில் வைத்து ஓட்டினால் செல்லாது என்று அவர்கள் மறுக்கலாம். ஆபீஸ் பெயரில் பில் போடுவதற்கு முன் இதை எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சர்வீஸ் சென்டர் எங்கே என்றும் கேளுங்கள். நாகர்கோவிலில் இல்லை என்றால் திருநெல்வேலியிலா, மதுரையிலா, சென்னையிலா? கூரியரில் அனுப்பி வாங்குகிற செலவு யாருடையது? பர் தனியாக விற்பனைக்குக் கிடைக்குமா? இந்த மூன்று கேள்விக்கும் நேரான பதில் சொல்கிற விற்பனையாளரிடம் ஐந்நூறு ரூபாய் கூடுதலானாலும் வாங்கலாம்.

நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. லீவுக்கு வரும்போது ஒரு கிரைண்டர் கொண்டு வரச் சொல்வது இயல்பு. துபாயிலும் குவைத்திலும் மின்சாரம் இங்கே போலவே 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் பின்கள் மட்டும் தட்டையாக இருக்கும், பிளக்கை மாற்றினால் போதும். வேறு நாட்டிலிருந்து வருவதென்றால் மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் விற்கும் மெஷின் 120 வோல்ட்டுக்கானது. இங்கே நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும், டிரான்ஸ்பார்மர் வாங்கினால் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும். எங்கிருந்து வந்தாலும் இங்கே வாரண்டி கிடைப்பது சந்தேகம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெட்டி வந்த நாள்

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். பர் உடைந்து வந்தால் மாற்றித் தர அதுதான் சாட்சி. கைப்பிடி, மூடி, பிரஷ் எல்லாம் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

எர்த் இருக்கிற சுவர் பாயிண்டில் செருகுங்கள். கம்ப்யூட்டர் ஓடுகிற யூ.பி.எஸ்ஸில் செருகாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது சட்டென்று அதிகக் கரண்ட் இழுக்கும், சின்ன யூ.பி.எஸ் டிரிப் ஆகி எல்லாருடைய வேலையும் நிற்கும். சிங்க் பக்கத்திலும் வேண்டாம், மழைச்சாரல் அடிக்கும் ஜன்னல் ஓரத்திலும் வேண்டாம்.

முதலில் ஐம்பது கிராம் பழைய கொட்டையை அரைத்துக் கொட்டிவிடுங்கள். தயாரிப்பின்போது ஒட்டியிருக்கும் எண்ணெயும் தூசியும் அதோடு போகும். பிறகு மெஷினை நைஸுக்கும் நடுவுக்கும் இடையில் வையுங்கள். விரலிடையே தேய்த்தால் ரவையைவிடச் சன்னமாக, ஆனால் மைதா மாதிரி வழுக்காமல் இருக்க வேண்டும். நம் பில்டருக்குரிய பதம் அதுதான். 20 கிராம் தூளைப் பில்டரின் மேல் பாத்திரத்தில் போட்டு, லேசாகத் தட்டிச் சமப்படுத்தி, குடைத்தட்டை வைத்து, கொதித்து இறக்கிய தண்ணீரை 120 மில்லி ஊற்றுங்கள். டிகாஷன் கால் மணி, இருபது நிமிடத்தில் இறங்கினால் சரியாக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஓடி இறங்கித் தண்ணீராக இருந்தால் ஒரு படி நைஸாக்குங்கள். முக்கால் மணி ஆகியும் மேலே தேங்கி நின்றால் ஒரு படி கொரகொரப்பாக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு படிதான். நைஸ் பக்கம் நகர்த்தும்போது மின்சார மெஷின் ஓடிக்கொண்டிருக்கட்டும், நின்ற நிலையில் திருகினால் இடையில் மாட்டிய கொட்டையில் பர் இறுகிக்கொள்ளும். சரியான படி கிடைத்ததும் ஒரு டேப்பில் எண்ணை எழுதி மெஷினிலேயே ஒட்டிவிடுங்கள், அடுத்தவர் வந்து திருகி வைக்கும் தொல்லை இருக்காது.

வீட்டு மெஷின்கள் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனை நிமிடம் ஓட்டலாம், எவ்வளவு ஆறவிட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். 80 கிராமை இரண்டு தடவையாக அரைப்பது மோட்டாருக்கு நல்லது. காலையில் ஆபீஸ் திறந்ததும், போன் வரத் தொடங்குவதற்கு முன்பே, அன்றைக்கு வேண்டியதை அரைத்து வைத்துவிடுங்கள். சத்தப் பிரச்சினையும் அதோடு தீரும்.

கொட்டையும் சிக்கரியும்

கடையில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரொபஸ்டா என்று கேட்டு வாங்கலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் அராபிகா வகைக் கொட்டை, வாசனைக்கு. ரொபஸ்டா டிகாஷனுக்குக் கனம் கொடுக்கும். ஆபீசுக்கு இரண்டும் கலந்து வாங்கினால் செலவும் குறையும், பாலில் தூக்கலாகவும் நிற்கும். எப்போது வறுத்தது என்று கேளுங்கள். மிகக் கறுப்பாக வறுத்து, மேலே எண்ணெய் மினுங்குகிற கொட்டை பர்ரில் ஒட்டி அடைக்கும், வீட்டு மெஷினுக்கு அது வேண்டாம்.

சிக்கரி போட்டுக் குடித்துப் பழகியவர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள்: சிக்கரி கிரைண்டருக்குள் போகக் கூடாது. ஈரத்தை இழுத்துப் பிசினாகும் பொருள் அது, பர்ரின் பல்லில் இறுகிவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. சிக்கரியைத் தூளாகவே தனியாக வாங்கி, அரைத்த காப்பித்தூளோடு சேர்த்துக் கலக்குங்கள். 80 கிராமுக்கு 20 கிராம் நல்ல அளவு. கடையில் கலந்து விற்கிற பாக்கெட்டில் காப்பி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும், எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. தனியாக வாங்கிக் கலந்தால், எவ்வளவு என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

மழைக்காலப் பராமரிப்பு

கிரைண்டரின் மேல் குப்பியில் கொட்டையை நிரப்பி வைக்காதீர்கள். அது அழகுக்குத்தான், காற்றுப் புகாமல் மூடாது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் அளந்து போட்டு, மீதியை இறுக்கமான டப்பாவில் இருட்டான அலமாரியில் வையுங்கள். பிரிட்ஜில் வைத்து தினமும் எடுப்பதும் வேண்டாம், வெளியே எடுத்ததும் கொட்டை வியர்த்துவிடும்.

ஏ.சி. அறையில் தூள் மூடியிலும் சுவரிலும் ஒட்டிப் பறப்பது உண்டு. ஸ்பூனின் காம்பைத் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, கொட்டையை ஒரு கிளறு கிளறிப் போட்டால் பறக்காது. அந்த அளவு ஈரம் போதும், சொட்டக் கூடாது.

வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் பர்ரைக் கழற்றி, உலர்ந்த பிரஷால் இரண்டு பர்ரையும் தூள் விழும் வழியையும் துடையுங்கள். கொட்டையின் எண்ணெய் அங்கே படிந்து சிக்கு வாடை அடிக்கும், புதிதாக அரைக்கிற தூளுக்கும் அந்த வாடை ஏறும். தண்ணீர் படக் கூடாது. மிக்சியைச் சுத்தம் செய்ய ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டுகிற நம் வீட்டுப் பழக்கம் இங்கே ஆகாது. பச்சரிசி வறுத்த கொட்டையைவிடக் கடினம், சின்ன மோட்டாரைத் திணறடிக்கும். மிளகு, சுக்கு, மல்லி எதையும் இதில் அரைக்கக் கூடாது. மழைக்காலத்தில் யாராவது சுக்குக் காப்பிக்கு ஆசைப்படுவார்கள், அவர்களை மிக்சிக்கு அனுப்பிவிடுங்கள்.

கொட்டை மாட்டிக்கொண்டு மெஷின் முனகினால் உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே உள்ளே கை வையுங்கள். அரைப்பின் படியை மாற்றாமலே டிகாஷன் வர வரத் தாமதமாகி, கசப்பும் கூடினால் முதலில் பர்ரைச் சுத்தம் செய்து பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். சுத்தம் செய்த பிறகும் தூளில் மாவு அதிகம், அரைக்கும் நேரமும் முன்பைவிடக் கூடிவிட்டது என்றால் பர் தேய்ந்திருக்கிறது. வாங்கியபோது குறித்து வைத்த மாடல் எண்ணைச் சொல்லி புது பர்ரை வரவழைத்து மாட்டுங்கள், மெஷின் மறுபடி பழைய வேகத்துக்கு வந்துவிடும்.